லோடு ஏற்றியாச்சு, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை: புதிதாக பிக்கப் வாங்கியவர்களுக்கு

ஒட்டன்சத்திரம் மார்க்கெட், ராத்திரி ரெண்டரை மணி. தக்காளிப் பெட்டி ஏற்றி, தார்ப்பாய் போட்டு, கயிறு இறுக்கி, சாவியைத் திருப்பினால் "டொக்" என்று ஒரே ஒரு சத்தம். அதோடு சரி. செகண்ட் ஹேண்டில் பிக்கப் வாங்கி அப்போது இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் எட்டிப் பார்த்துவிட்டு, "செல்ஃப் மோட்டார் போச்சு தம்பி" என்றார். சாவியைத் திருப்பினால் இன்ஜினைச் சுற்றிக் கிளப்பும் மோட்டார் அது. நானும் நம்பினேன். லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிட்ட வாடகை 4,000. விடிந்ததும் மோட்டாரைக் கழற்றி, ரீகண்டிஷன் செய்த ஒன்றை மாட்டியது 6,500. மூன்றாம் நாள் அதே இடம், அதே "டொக்". கடைசியில் பார்த்தால் இன்ஜினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டை உப்புப் பூத்து, பாதி அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதை மாற்ற ஆன செலவு 250 ரூபாய்.

நீங்கள் அப்படி ஏமாறக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பொலேரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா மாதிரி 12 வோல்ட் டீசல் வண்டிகளை மனதில் வைத்துச் சொல்கிறேன். பெட்ரோல், சிஎன்ஜி வண்டிக்கும் 5-ஆம் படி வரை அப்படியே பொருந்தும். கீழே வரும் ரூபாய்க் கணக்கு எங்கள் பக்கத்தில் நான் கொடுத்தது, விசாரித்தது. உங்கள் ஊரில் கூடக் குறைய இருக்கும்.

1. சாவியை விட்டுவிட்டு இறங்குங்கள்

வண்டி எடுக்கவில்லை என்றதும் கை தானாகவே மறுபடி மறுபடி சாவியைத் திருப்பும். அதுதான் முதல் தப்பு. ஒரு தடவைக்கு 10 வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம். அடுத்த தடவைக்கு முன் ஒரு நிமிடமாவது விடுங்கள். பேட்டரியில் மிச்சம் இருக்கும் கொஞ்சத்தையும் நாமே காலி செய்துவிட்டால், காரணத்தைக் கண்டுபிடிக்கவும் வழியில்லாமல் போகும்.

ரோட்டில் நின்றுவிட்டால் முதலில் ஹசார்ட் லைட், பின்னால் முக்கோணப் பலகை, டயருக்குக் கல். கியர் நியூட்ரல், ஹேண்ட் பிரேக் மேலே. அதன் பிறகுதான் பானெட்.

கீழே வருவதைப் பார்த்துவிட்டு மட்டும் அடுத்த படிக்குப் போங்கள். சிரிக்காதீர்கள், இதில் இரண்டுக்கு நான் மெக்கானிக்கைக் கூப்பிட்டு 300 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

சில வண்டிகளில் கிளட்சை முழுக்க மிதித்தால்தான் செல்ஃப் எடுக்கும். பெடலுக்கு அடியில் கால்மிதி சுருண்டு கிடந்தால் மிதி முழுதாக இறங்காது. மீட்டரில் சாவிப் படமோ பூட்டுப் படமோ மின்னிக்கொண்டே இருந்தால் அது இம்மொபிலைசர். சாவியை வண்டி அடையாளம் காணவில்லை என்று அர்த்தம். செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது இரண்டாவது சாவியையும் கேட்டு வாங்கச் சொல்வது இதற்காகத்தான். டீசல் முள்ளை நம்ப வேண்டாம். எங்கள் வண்டியில் டேங்க் வறண்டாலும் முள் கால் பங்கில் நிற்கும். பிஎஸ்-6 (புகைக்கான புது அரசு விதி) வண்டியில் தனியாக டெஃப் டேங்க், அதாவது புகையைச் சுத்தம் செய்யும் யூரியாத் தண்ணீர் டேங்க் இருந்தால் அதையும் பாருங்கள். அது தீர்ந்துபோனால், பல தடவை எச்சரித்துவிட்டு, பிறகு ஸ்டார்ட் ஆகவே விடாத வண்டிகள் உண்டு.

2. ஹெட்லைட்டைப் போட்டு, சத்தத்தைக் கேளுங்கள்

யாரைக் கூப்பிடுவது என்பதை இந்த ஒரு சோதனைதான் முடிவு செய்யும். ஹெட்லைட்டைப் போடுங்கள். ஒரு ஆளை முன்னால் நிறுத்தி வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு முறை சாவியைத் திருப்புங்கள்.

லைட்டே எரியவில்லை, அல்லது மங்கலாக எரிந்து, சாவி திருப்பியதும் அணைகிறது: பேட்டரி டவுன், இல்லையென்றால் டெர்மினல் லூஸ். 3-ஆம் படி.

"டிக்டிக்டிக்டிக்" என்று வேகமாக அடிக்கிறது: பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை. அதுவும் 3-ஆம் படி.

லைட் நன்றாக எரிகிறது, ஒரே ஒரு "டொக்": இங்கேதான் எல்லோரும் செல்ஃப் மோட்டார் என்பார்கள். இருக்கலாம். ஆனால் முதலில் 4-ஆம் படியைப் பாருங்கள்.

லைட் நன்றாக எரிகிறது, சத்தமே இல்லை: ஃபியூஸ், செல்ஃப் ரிலே, கிளட்ச் சுவிட்ச், சாவி சுவிட்ச், அல்லது எலி கடித்த வயர். காய்கறி வண்டியில் எலி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஃபியூஸ் பெட்டி மூடியின் உட்புறத்தில் எது எதற்கு என்று படம் இருக்கும். பக்கத்தில் அதே வடிவ, அதே எண்ணுள்ள ரிலே இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். கருகிய ஃபியூஸுக்குப் பதிலாகச் சிகரெட் பெட்டித் தாளையோ கம்பியையோ சொருகும் வேலை மட்டும் வேண்டாம். வயரிங் முழுக்க எரிந்த வண்டியை நான் பார்த்திருக்கிறேன்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின்தான் பிடிக்கவில்லை: பேட்டரிக்காரரை எழுப்ப வேண்டாம். நேராக 6-ஆம் படிக்குப் போங்கள்.

3. பேட்டரியும் டெர்மினலும்

300, 400 ரூபாய்க்குச் சாதாரண மல்டிமீட்டர் கிடைக்கிறது. நான் இந்த வண்டிக்கு வாங்கியதிலேயே உருப்படியான பொருள் அதுதான். வண்டி சில மணி நேரம் அணைந்து கிடந்த பிறகு பேட்டரியின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே என்றால் காலி. செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே சரிந்தால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது, அல்லது சார்ஜ் இல்லை.

மீட்டர் இல்லையென்றால் கையால் பாருங்கள். டெர்மினலைப் பிடித்துத் திருகினால் அசையவே கூடாது. வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருந்தால் கழற்றித் துடைக்க வேண்டும். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். இந்த வரிசை மாறினால் ஸ்பேனர் பாடியில் பட்டுப் பொறி பறக்கும். விரலில் மோதிரம் இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் பீடி, தீக்குச்சி கூடவே கூடாது, அதிலிருந்து வருவது ஹைட்ரஜன் வாயு. வெந்நீரில் ஆப்பசோடா கலந்து ஊற்றினால் பூத்தது நுரைத்துக் கரையும். செல் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், சோடாத் தண்ணீர் உள்ளே போனால் பேட்டரி கெடும். துடைத்து, காயவைத்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலைன்.

பாதிப் பேர் இந்த இடத்திலேயே கிளம்பிவிடுவார்கள்.

கிளம்பிய பிறகும் ஒரு சோதனை பாக்கி. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12.5-லேயே நின்றால் டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை. பேட்டரியை மாற்றினாலும் அடுத்த நாள் மறுபடி நிற்கும். புது பேட்டரி வாங்குவதற்கு முன் இதைப் பார்க்காத கடைக்காரரிடம் வாங்காதீர்கள்.

4. எர்த், என் 10,500 ரூபாய் போன இடம்

செல்ஃப் மோட்டாருக்குக் கரண்ட் பிளஸ் வயரில் போகிறது. திரும்பி வருவதற்கு இன்ஜின் பாடி, எர்த் பட்டை, பேட்டரி மைனஸ் என்று ஒரு வழி வேண்டும். பட்டை துருப்பிடித்தால் ஹெட்லைட் மாதிரிச் சின்ன வேலைக்குப் போதுமான கரண்ட் வரும். செல்ஃப் கேட்கும் நூற்றுக்கணக்கான ஆம்பியருக்கு வராது. அதனால்தான் லைட் பளிச்சென்று எரிந்து, மோட்டார் மட்டும் "டொக்" என்று நிற்கும். மார்க்கெட் சேறு, காய்கறித் தண்ணீர், மீன் லோடு அடித்த வண்டியாக இருந்தால் உப்பு என்று எல்லாம் சேர்ந்து அடியில் இருக்கும் பட்டையை அரித்துவிடும்.

சோதிப்பது சுலபம். ஜம்பர் கேபிளில் (இன்னொரு வண்டியின் பேட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் சிவப்பு, கறுப்பு வயர்) கறுப்பை மட்டும் எடுங்கள். ஒரு முனை பேட்டரி மைனஸில், மறுமுனை பெயின்ட் இல்லாத இன்ஜின் இரும்பில். சுற்றும் பெல்ட், ஃபேன் பக்கம் கேபிள் தொங்கக்கூடாது. இப்போது சாவியைத் திருப்புங்கள். செல்ஃப் சுற்றினால் மோட்டார் நல்ல மோட்டார், கெட்டது எர்த். மீட்டர் இருந்தால், பேட்டரி மைனஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவே வைத்து செல்ஃப் அடித்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதே தீர்ப்பு.

இதற்கும் எடுக்கவில்லை என்றால் மோட்டாரைச் சந்தேகப்படலாம். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, இன்னொருவர் ஸ்பேனர் கைப்பிடியால் மோட்டார் உடம்பில் மெதுவாகத் தட்டட்டும். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டுத் தட்டுங்கள். தட்டியதும் சுற்றினால் உள்ளே கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. அது வீடு போய்ச் சேர மட்டும் உதவும் வைத்தியம். பிரஷ் மாற்ற 600 முதல் 1,000 வரை, அரை நாள் வேலை. முழு மோட்டாரை மாற்றச் சொன்னால், "பிரஷ், சொலினாய்டு மட்டும் பார்த்தீங்களாண்ணே?" என்று கேளுங்கள் (சொலினாய்டு என்பது மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்). கழற்றிய பழைய மோட்டாரைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், அதற்கும் விலை உண்டு.

5. ஜம்ப் எடுக்கும்போது லாரிப் பக்கம் போகாதீர்கள்

மார்க்கெட்டில் பக்கத்தில் நிற்பது பெரும்பாலும் லாரிதான். உதவும் மனசோடு கேபிளை நீட்டுவார்கள். வாங்க வேண்டாம். பெரிய லாரி 24 வோல்ட். உங்கள் வண்டி 12. மாட்டிய நொடியில் ஈசியூ, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர் போகலாம். அதன் விலையைக் கேட்டால் பிக்கப்பை அங்கேயே விட்டுவிட்டு நடந்து போகத் தோன்றும். கார், ஜீப், இன்னொரு பிக்கப் ஆகியவற்றில்தான் ஜம்ப் எடுக்க வேண்டும்.

வரிசை: சிவப்பு உங்கள் பிளஸில், சிவப்பின் மறுமுனை நல்ல வண்டியின் பிளஸில், கறுப்பு நல்ல வண்டியின் மைனஸில், கடைசி முனை உங்கள் இன்ஜினின் வெறும் இரும்பில். நல்ல வண்டியை 5 நிமிடம் ஓடவிட்டு, பிறகு செல்ஃப் அடியுங்கள். எடுத்ததும் வந்த வழியே திருப்பிக் கழற்றுங்கள். பேட்டரி வீங்கியிருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ ஜம்ப் எடுக்காதீர்கள்.

பத்து நிமிடம் ஐடிலில் ஓடவிட்டால் சார்ஜ் ஏறிவிடும் என்று நினைத்து டீக்கடையில் வண்டியை அணைத்தால் மறுபடி தள்ளத்தான் வேண்டும். பேட்டரிக் கடையில் மெதுவாக சார்ஜ் போட 8 முதல் 10 மணி நேரம், 150 ரூபாய்க்குள். அவசரம் என்று ஒரு மணி நேரத்தில் அதிகக் கரண்டில் ஏற்றித் தருகிறேன் என்பார்கள். பேட்டரியின் ஆயுள்தான் குறையும்.

6. செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

பின்னால் ஒரு ஆள் நின்று சைலன்சரைப் பார்க்கட்டும். செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. கொடைக்கானல், ஊட்டி காலைக் குளிரில் இப்படி என்றால் ஹீட்டர் பிளக்கைப் பாருங்கள். மீட்டரில் சுருள் கம்பி மாதிரி ஒரு விளக்கு வரும். அது அணைந்த பிறகுதான் செல்ஃப் அடிக்க வேண்டும். புகையே இல்லையென்றால் டீசல் வரவில்லை.

டீசல் வராததற்கு அதிகமாகப் பார்க்கும் காரணம் ஏர் லாக். டேங்க் வறண்டு ஓடிய பிறகும், டீசல் ஃபில்டர் மாற்றிய மறுநாளும் இப்படி வரும். ஃபில்டருக்கு மேலேயோ, டீசல் ஹோஸின் நடுவிலோ கையால் அமுக்கும் பம்ப் இருந்தால், கெட்டியாகும் வரை அமுக்குங்கள். பழைய மாடலில் ஃபில்டர் மேலுள்ள ஏர் ஸ்குருவைத் தளர்த்தி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது இறுக்க வேண்டும். ஃபில்டர் அடியில் தண்ணீர் இறக்கும் திருகு உண்டு. மீட்டரில் தண்ணீர் விளக்கு எரிந்தால் ஒரு டம்ளரில் பிடித்துப் பாருங்கள், கீழே தங்குவது தண்ணீர்.

பிஎஸ்-6 டீசல் பிக்கப்புகள் காமன் ரெயில், அதாவது எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயிலிருந்து அதிக அழுத்தத்தில் டீசல் போகும், அதை ஈசியூ நடத்தும். அதில் இன்ஜெக்டர் குழாய் நட்டைத் தளர்த்தி ஏர் எடுக்கும் பழைய பழக்கம் உயிருக்கே ஆபத்து. உள்ளே 1,000 பார் அழுத்தத்துக்கும் மேல் போகும். ஊசி மாதிரிப் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். உங்கள் மெக்கானிக் 20 வருட அனுபவம் என்று சொன்னாலும் தடுத்துவிடுங்கள். அதே மாதிரி, ஏர் ஃபில்டர் வாயில் ஸ்ப்ரே அடிப்பது, துணியைக் கொளுத்திக் காட்டுவது இரண்டும் வேண்டாம். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அது உள்ளேயே வெடிக்கும்.

சாவியைத் திருப்பவே கூடாத மூன்று சமயம் உண்டு. பங்கில் தவறிப்போய்ப் பெட்ரோல் போட்டுவிட்டால் சாவியை ஆன்கூடச் செய்யாமல் டேங்க்கைக் காலி செய்ய வேண்டும். வழக்கத்தைவிட லேசாக, வேகமாக "விர்ர்" என்று செல்ஃப் சுற்றினால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம், மேலே அடித்தால் வால்வு வளையும். மூன்றாவது, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி. 2023 டிசம்பர் மிக்ஜாம் மழை மாதிரித் தண்ணீர் ஏறி இறங்கிய பிறகு செல்ஃப் அடித்தால் சிலிண்டருக்குள் போன தண்ணீர் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். தண்ணீர் நின்ற உயரம் தெரியப் படம் எடுத்து, இன்சூரன்ஸுக்குச் சொல்லிவிட்டு, கட்டி இழுத்துப் போங்கள். நீங்களே ஸ்டார்ட் செய்து கெட்ட இன்ஜினுக்கு, தனி இன்ஜின் கவர் எடுத்திருந்தால் தவிர, பணம் வருவது கஷ்டம்.

7. தள்ளி ஸ்டார்ட் செய்வது

ஈசியூ இல்லாத பழைய பம்ப் வண்டியில் வேலை செய்யும். காமன் ரெயிலில் பேட்டரி முழுக்கச் செத்திருந்தால் ஊரே கூடித் தள்ளினாலும் எடுக்காது, ஈசியூவுக்கே கரண்ட் வேண்டும். லேசாக சார்ஜ் இருந்தால் இரண்டாம் கியரில் முயலலாம். சாவி ஆனில் இருக்கட்டும், இல்லையென்றால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். இன்ஜின் ஓடாதவரை பிரேக் கல் மாதிரி இருக்கும், பவர் ஸ்டீயரிங் கனக்கும். லோடோடு இறக்கத்தில் விட்டுப் பார்க்கும் விஷப்பரீட்சை வேண்டாம்.

8. யாரைக் கூப்பிடுவது, எவ்வளவு ஆகும்

செல்ஃப் சுற்றவில்லை என்றால் ஆட்டோ எலக்ட்ரீஷியன். சுற்றிப் பிடிக்கவில்லை என்றால் டீசல் மெக்கானிக். பிஎஸ்-6 ஆக இருந்தால் ஸ்கேனர் வைத்திருப்பவர். இதை மாற்றிக் கூப்பிட்டால் வந்தவர் தனக்குத் தெரிந்ததைக் கழற்றுவார்.

ராத்திரி ஸ்பாட்டுக்கு வர எங்கள் பக்கம் 500 முதல் 1,000. ஸ்கேனர் போட 500 முதல் 1,000. புது பேட்டரி, பழையதைக் கொடுத்தது போக 6,000 முதல் 8,000. கிரேன் என்றால் கொக்கி மாட்டும் முன் எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ரூபாய் என்று பேசி, வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிவிடுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் நின்றால் 1033-க்கு அடியுங்கள். ரோந்து வண்டி வந்து பாதையை விட்டு ஒதுக்கிவிடும். ரிப்பேர் அவர்கள் வேலை இல்லை.

லோடு காய்கறி, பால், மீன் என்றால் நேரத்துக்கு ஒரு வரம்பு வையுங்கள். நான் வைத்திருப்பது 45 நிமிடம். அதற்குள் கிளம்பவில்லை என்றால் மாற்று வண்டிக்குச் சொல்லிவிடுவேன். விடியற்காலை 4 மணிக்கு மேல் வாடகையும் ஏறும், வண்டியும் கிடைக்காது.

9. காகிதங்கள்

சாதாரண இன்சூரன்ஸ் விபத்து, வெள்ளம் மாதிரிச் சேதத்துக்குத்தான். தானாக நின்றுபோன வண்டிக்கு ஒரு ரூபாய்கூட வராது. வழியில் வந்து உதவும் சேவை தனி ஆட்-ஆன், சரக்கு வண்டிக்கும் சேர்த்துத்தானா என்று பாலிசி எடுக்கும் அன்றே கேளுங்கள். புது வண்டியாக இருந்தால் கம்பெனி உதவி எண்ணும் சேசிஸ் எண்ணும் போனில் இருக்கட்டும், முதலில் கேட்பது அதைத்தான். வாரண்டி உள்ள வண்டியில் வெளி எலக்ட்ரீஷியன் வயரை வெட்டி ஒட்டினால், பிறகு சர்வீஸ் சென்டரில் அதையே காரணமாகக் காட்டுவார்கள்.

பேட்டரி வாரண்டி கார்டில் வாங்கிய தேதி, சீரியல் எண், வண்டி எண், கடை முத்திரை நான்கும் வேண்டும். ஒன்று இல்லையென்றாலும் இழுத்தடிப்பார்கள். கார்டைப் படம் எடுத்து வையுங்கள், ஆறு மாதத்தில் எழுத்து மங்கிவிடும். 24+24 மாதம் என்று எழுதியிருந்தால் முதல் 24-க்குத்தான் இலவச மாற்று. பின் 24-க்குத் தள்ளுபடி மட்டும், அதையும் எம்ஆர்பி விலையில் கணக்கிடுவார்கள். கடையில் பேரம் பேசிக் கிடைக்கும் விலைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. காருக்கான பேட்டரியைச் சரக்கு வண்டியில் மாட்டினால் வாரண்டி மாதம் குறையலாம், கார்டிலேயே சின்ன எழுத்தில் இருக்கும்.

லோடை வேறு வண்டிக்கு மாற்றும்போது, இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் ஆன்லைனில் எடுக்கும் பில்) உள்ள சரக்கு என்றால், அதில் வண்டி விவரம் வரும் பகுதி பி-யில் புது வண்டி எண்ணை ஏற்றிய பிறகுதான் கிளம்ப வேண்டும். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது பில்லின் ஆயுள். பிரேக்டவுனால் தாமதம் என்றால், முடியும் நேரத்துக்கு 8 மணி நேரம் முன்னிருந்து 8 மணி நேரம் பின் வரை நீட்டிக்கலாம். பச்சைக் காய்கறிக்கு இந்தத் தொல்லை இல்லை.

மாற்று வண்டிக்காரரின் ஆர்சி, எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸை எம்பரிவாகன் என்ற அரசு ஆப்பில் வண்டி எண் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம்தான். எனக்கு வந்த வண்டிக்கு எஃப்சி முடிந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது, தாராபுரம் தாண்டிய பிறகுதான் தெரிந்தது.

10. டேஷ்போர்டில் என்ன இருக்க வேண்டும்

10, 12, 13 ஸ்பேனர், மல்டிமீட்டர், தடித்த செம்புக் கம்பி உள்ள ஜம்பர் கேபிள், ஃபியூஸ் வகைக்கு இரண்டு, ஒரு செல்ஃப் ரிலே, தலையில் மாட்டும் டார்ச், பழைய துணி, சின்ன டப்பாவில் ஆப்பசோடா. கேபிள் 300 ரூபாய்க்கும் கிடைக்கும், மேலே ரப்பர் தடிமனாகவும் உள்ளே கம்பி நூல் மாதிரியும் இருக்கும். டீசல் வண்டியை அது எடுக்காது, சூடாகி உருகும். என்னிடம் இப்போது இருப்பது 1,100 ரூபாய்க்கு வாங்கியது. அதோடு, பழைய எர்த் பட்டை ஒன்றும் சீட்டுக்கு அடியில் கிடக்கிறது. யாராவது "செல்ஃப் போச்சு" என்று சொன்னால் அதை எடுத்துக் காட்டுவேன்.